சுமோ வீட்டுப் பட்டாணிக் கணக்கு

பிறருக்குச் சமைத்துக் கொடுக்கிற தொழிலில் ருசி இரண்டாவது. எத்தனை வயிறு என்று தெரிந்திருப்பதுதான் முதலாவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையடியில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். வீட்டை நடத்துகிற பயிற்சியாளர். எல்லாரும் அவரை மாயெஸ்த்ரோ, அதாவது ஆசான், என்பார்கள். மல்லர்களில் மூத்தவன் சால்வோ. கத்தானியாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். துனீசியாக்காரர் ஒருவர். மொரீசியஸ்காரர் ஒருவர். பலெர்மோவிலேயே பிறந்த தோத்தோ. கடைசியாகச் சேர்ந்த கஜன். அவனும் இங்கே பிறந்தவன்தான், தாய் தகப்பன் யாழ்ப்பாணம். மல்லர் ஏழு, மாயெஸ்த்ரோவோடு எட்டு, சட்டியோடு நின்ற நான் ஒன்பது. மாயெஸ்த்ரோ, சால்வோ, தோத்தோ, கஜன் ஆகிய நால்வரை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

இத்தாலியின் பலெர்மோவில் யப்பான் மல்யுத்தமான சுமோவா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாயெஸ்த்ரோ இளம் வயதில் யப்பானுக்குப் போய், தொழில்முறை மல்லர்கள் ஒன்றாக வாழ்ந்து பழகுகிற கூடமொன்றில் ஆறு வருடம் இருந்தவர். திரும்பி வந்து, மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பழைய எலுமிச்சம்பழக் கிடங்கை எடுத்து, அதே ஒழுங்கில் ஒரு வீட்டை நடத்துகிறார். காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி. பிறகு ஒரே பெரிய சட்டியில் கோழி உருண்டையும் மரக்கறியும் போட்ட சாப்பாடு. பிறகு நித்திரை. கோடையில் கடற்கரை ஹோட்டல்களில் போட்டி. எனக்குச் சமையலும் துவாய் தோய்ப்பதும்.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் முன்னால் கதைக்க வராது. கணக்கு வரும். அடுப்படியில் நின்று நின்று கால் வீங்கின உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பாதி விளங்காது.

எட்டுக் கோப்பை, ஏழு கரண்டி

நான் பத்து வருடம் வீட்டோடு இருந்து பராமரித்த வயதான சிஞ்ஞோரா (இங்கே அம்மா என்பதற்கு அப்படித்தான்) ஒரு தை மாதம் கண்ணை மூடினார். அவருடைய பிள்ளைகள் அழுது முடிந்த அன்றே எனக்கு வேலையும் முடிந்தது. இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெசோவைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். என் கையில் நாற்பத்தொரு நாள் இருந்தது. அறுபத்திரண்டு வயதுக்காரியை யார் எடுப்பார்கள்? ஐந்து வீட்டில் கேட்டேன். ஐந்திலும் தொலைபேசியில் சொல்வதாகச் சொன்னார்கள். ஆறாவது இந்தக் கிடங்கு.

எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறீர்கள், என்ன சமைப்பீர்கள் என்று மாயெஸ்த்ரோ கேட்டார். அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்ததால் அவருக்குப் பின்னால் இருந்த பாத்திரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்: “கோப்பை எட்டு இருக்கு. கரண்டி ஏழுதான்.” அவர் திரும்பி எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஒப்பந்தம் அன்றே எழுதப்பட்டது. பெர்மெசோ கொடுக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்கும் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று மணித்தியாலம் என்னோடு வரிசையில் நின்றார். அங்கேயிருந்த கதிரைகள் அவருக்குக் காணாது. அதனால் முழு நேரமும் நின்றபடிதான். எனக்குப் பதிலாக அவரே பதில் சொல்வதைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு மொழி தெரியாதா என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். மாயெஸ்த்ரோ சொன்னார்: “கதைக்கத்தான் மாட்டா. எண்ணுவா. எனக்கு அது காணும்.”

இரண்டு கால்

போட்டிக் காலத்தில் சுமோக்காரர் கோழியைத் தவிர வேறு இறைச்சி தொடமாட்டார்கள். வளையத்துக்குள் மல்லனுடைய உள்ளங்கால் தவிர வேறெது மண்ணில் பட்டாலும் தோல்வி. மாடும் பன்றியும் நாலு காலில் நிற்கின்றன. அதாவது முன்பே கையை ஊன்றித் தோற்றுவிட்டன. கோழி இரண்டு காலில் நிற்கிறது. முப்பது வருடமாக வீடு வீடாக மாட்டிறைச்சியை மூச்சைப் பிடித்துக்கொண்டு சமைத்த எனக்கு, இந்தச் சட்டத்தைப் போட்ட யப்பான்காரரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

கிழமையில் மூன்று தரம் பல்லரோச் சந்தைக்குப் போய்ப் பதினாலு கிலோ கோழி வாங்குவேன். கோழிக் கடைக்குப் பக்கத்தில் மீன்காரர். என் வண்டிலைப் பார்த்துப் பார்த்து அவருக்கு எரிச்சல். ஒருநாள், “சிஞ்ஞோரா, வீட்டிலை எத்தினை பிள்ளையள்?” என்று கேட்டார். ஏழு என்றேன். “ஏழும் கோழிதானோ தின்னுறது?” என்றார். கோழிக்காரர் இடையில் புகுந்து, இரண்டு கால், நாலு கால் விஷயத்தைப் பெருமையாக விளக்கினார். மீன்காரர் ஒரு பெரிய மீனை வாலில் பிடித்துத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“இதுக்குக் காலே இல்லை, சிஞ்ஞோரா. இது எப்பிடி விழும்?”

தோய்த்த கச்சை

மல்லர் இடுப்பில் சுற்றுகிற கச்சை பதினாறு முழத்துக்கு மேலிருக்கும், தடித்த துணி. முதல் மாதம், ஏழு கச்சைகள் ஒரு மூலையில் வியர்வை நாற்றத்தோடு கிடப்பதைக் கண்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. அரை நாள் செலவழித்து ஏழையும் சவர்க்காரம் போட்டு அடித்துத் தோய்த்து, வேலியோரம் காயப்போட்டேன். கச்சையைத் தோய்ப்பதே கூடாது, வெயிலில் உலர்த்த மட்டும்தான் செய்யலாம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வேலியைக் கண்ட மாயெஸ்த்ரோவின் முகம் சிவந்துபோனது. யார் செய்தது என்று உறுமினார். நான் அடுப்படி வாசலில், கை ஈரத்தோடு நின்றேன்.

“நான்தான் தோய்க்கச் சொன்னனான்” என்றான் சால்வோ. அவனுக்கு முப்பத்தொரு வயது, நூற்றைம்பது கிலோ, அந்த வீட்டில் மாயெஸ்த்ரோவுக்கு அடுத்த ஆள். மூத்தவன் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. மாயெஸ்த்ரோ திரும்பிப் போய்விட்டார். இதை நான் மறக்கக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன். பின்னால் அவனைப் பற்றி வேறு விதமாகவும் எழுத வேண்டியிருக்கிறது. நன்றி சொல்லத் தெரியாமல் நான் நிற்க, சால்வோ குனிந்து மெதுவாகச் சொன்னான்: “இனித் தோய்க்காதையுங்கோ, சிஞ்ஞோரா. நாங்கள் வெண்டதெல்லாம் அதிலைதான் இருக்கு.”

வெள்ளிக்கிழமை உப்பு

அந்த வீட்டில் சாப்பிடுவதற்கு வரிசை உண்டு. முதலில் மாயெஸ்த்ரோ, பிறகு சால்வோ, அதற்குப் பிறகு சேர்ந்த ஒழுங்கில் மற்றவர்கள். கடைசியாகச் சேர்ந்தவன் தண்ணீர்ச் சாடியோடு மற்றவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கஜனுக்கு இருபத்திரண்டு வயது, நூற்றுப் பதினெட்டுக் கிலோ. அவனுடைய முறை வரும்போது சட்டியில் சாறும் முட்டைக்கோவா இலையும்தான் மிஞ்சியிருக்கும். யப்பானிலும் அப்படித்தானாம்.

நான் வெள்ளிக்கிழமை சைவம். கோழிச் சட்டியில் உப்புப் பார்க்க முடியாது. மூன்றாவது கிழமை, சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தண்ணீர்ச் சாடியை நிரப்ப வந்த கஜனிடம் சின்னக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். “உப்புக் காணுமோ எண்டு பார், தம்பி.” நம்மிடையே யாரும் செய்கிற காரியம். அவன் ஒரு கோழி உருண்டையும் கொஞ்சம் சாறும் வாயில் வைத்தபோது சால்வோ வாசலில் நின்றான். “ஓகோ, இளவரசர் மாயெஸ்த்ரோவுக்கு முதலே சாப்பிட்டிட்டார்” என்றான். அது பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

பின்னேரம் துவாய் எடுக்கப் போனபோது, கஜன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கீழுதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. என்ன நடந்தது என்று நான் கேட்கவுமில்லை. அவனாகவே சொன்னான்:

“உப்புக் காணும், அன்ரி. ஆனா இனி என்னட்டைக் கேளாதையுங்கோ.”

மூன்று கதவு

மருந்துப் பெட்டி பூட்டியிருந்தது; அதன் திறப்பு சால்வோவிடம் இருந்தது. அதனால் அன்றைக்கு நான் பிறீசரைத் திறந்து, உறைந்த பட்டாணிப் பை ஒன்றைத் துணியில் சுற்றிக் கஜனுக்குக் கொடுத்தேன். ஐஸ் கட்டியைவிடப் பட்டாணி நல்லது; முகத்துக்கு ஏற்ற மாதிரி வளையும். இதைக் கண்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக அடுப்படிக்கு வரத் தொடங்கினார்கள். உடம்பில் வைத்து இளகின பட்டாணியைத் திரும்பச் சட்டியில் போட எனக்கு மனம் வராது. எந்தப் பை யாருடைய எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லாவற்றையும் எறிந்தேன்.

பிறீசர்க் கதவில் நான் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தேன். பொருளின் படம், வந்தது, போனது, மிச்சம். படம் கீறினால் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். ஆனால் பட்டாணி எதற்காகப் போனது என்பதைத் தாளில் எழுத முடியாது. காரணம் எழுதாமல் ஒரு பொருளைப் போகவிட என்னால் முடியாது. ஆகவே, சமையல் மேலங்கிப் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்துத் தமிழில் எழுதினேன்: நாள், ஆள், இடம், காரணம். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: கதவில் அடிபட்டது. நான் வீட்டைச் சுற்றி வந்து எண்ணினேன். வாசல் கதவு, குளியலறைக் கதவு, சாமான் அறைக் கதவு. மூன்றுதான். மற்றதெல்லாம் திரைச்சீலை.

தோத்தோ எதையும் பகிடியாக்குகிறவன். ஒரு செவ்வாய்க்கிழமை வலக் கண் மூடிப்போன நிலையில் வந்து கையை நீட்டினான். கதவு மூன்றுதானே இருக்கிறது என்றேன். பட்டாணிப் பையைக் கண்ணில் வைத்துக்கொண்டு சொன்னான்:

“மூண்டுதான், சிஞ்ஞோரா. ஆனா மூண்டுக்கும் சரியான கோவம்.”

மடங்காத விரல்

கேப்பர் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைத் திறக்க முடியாமல் மாயெஸ்த்ரோ ஒருநாள் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். நூற்று நாற்பது கிலோ மனிதர், ஒரு போத்தல் மூடியோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய் நின்றார். திறந்து கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: அவருடைய வலக்கையில் கடைசி இரண்டு விரலும் மடங்குவதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கதைக்காதவளிடம் ஆட்கள் தாங்களாகவே சொல்வார்கள். உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

யப்பானில் அவர் சேர்ந்த மூன்றாம் மாதம். மூத்த மல்லர் குளித்து முடியும்வரை துவாயோடு வாசலில் நிற்க வேண்டும். நின்றபடி தூங்கிவிட்டார். அதற்கு மூங்கில் தடியால் கிடைத்தது இது. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. அடுத்த நாள் அதே மூத்தவரின் முதுகை இடக்கையால் தேய்த்துவிட்டாராம். அவரோடு சேர்ந்தவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் ஓடிப்போனார்கள், ஒருவர் முதுகெலும்பு முறிந்து ஊருக்குப் போனார், மிஞ்சியது இவர் ஒருவர். இதைச் சொல்லும்போது அந்த இரண்டு விரலையும் பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கொப்பி என் பையில்தான் இருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கிழமைதான் என் புதிய பெர்மெசோ கைக்கு வந்திருந்தது. அதை எனக்கு வாங்கித் தந்த மனிதருக்கு முன்னால், உங்களுடைய வீட்டில் இப்படி நடக்கிறது என்று சொல்ல நா எழவில்லை. மல்லர் உடம்பில் காயம் இருப்பது இயல்பு. எல்லாம் பயிற்சியில் பட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார், அல்லது நினைக்க விரும்பினார். போத்தலை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னார்:

“அடிச்ச ஆளை நான் இண்டைக்கும் அண்ணா எண்டுதான் சொல்லுறன், சிஞ்ஞோரா.”

காதில் மட்டும்

நாலாம் மாதம், கஜன் நான் கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான். ஒரு சனிக்கிழமை காலை, அவனுடைய இடப் பக்கம் நின்று ஒரு கரண்டியைக் கீழே போட்டேன். திரும்பவில்லை. வலப் பக்கம் போய் இன்னொன்றைப் போட்டேன். திரும்பினான். “நியெந்தே, அன்ரி, ஒண்டுமில்லை. காதுக்கை தண்ணி போயிட்டுது” என்றான். பல்லரோவிலிருந்து சாமான் தூக்க ஆள் வேண்டும் என்று சால்வோவிடம் சொல்லிவிட்டு, அவனைப் பஸ்ஸில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

“அம்மாட்டைச் சொல்லிப் போடாதையுங்கோ. என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவா.”

“போனால் என்ன? ஏன் இஞ்சை கிடந்து அடி வாங்கிறாய்?”

“வெளியிலை எல்லாரும் என்னைத் தடியன் எண்டு சிரிக்கிறவை, அன்ரி. பஸ்ஸிலை பாருங்கோ, ஆரும் எனக்குப் பக்கத்திலை இருக்கினமோ? இஞ்சை மட்டும்தான் இந்த உடம்புக்கு ஒரு வேலை இருக்கு.” நான்தான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன், பாதி உடம்பு ஆசனத்துக்கு வெளியே. எனக்கும் அங்கேதான் வேலை கிடைத்தது.

செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டொக்டர். இரண்டு மாதத்தில் தானாக மூடும். அதற்குள் இன்னொரு அடி பட்டால் அந்தக் காதை மறந்துவிட வேண்டியதுதான். சுமோவில் உள்ளங்கையால் அறைவதற்கு அனுமதி உண்டு. கோடைப் போட்டிக்காகத் திங்கட்கிழமை காலை கஜனுக்கு அறை பழக்கப்போவதாகச் சால்வோ சொல்லியிருந்தான். இடையில் ஒரே ஒரு ஞாயிறு. எப்படிக் காயம் பட்டது என்று தாதி கேட்டார். விழுந்துவிட்டேன் என்றான் கஜன். தாதி அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதியபடியே சொன்னார்:

“இவ்வளவு பெரிய ஆள், காதிலை மட்டும் விழுந்திருக்கிறார்.”

பட்டாணி எங்கே

ஞாயிறு காலை மாயெஸ்த்ரோவின் அறைவரை மூன்று தரம் போனேன். மூன்று தரமும் திரும்பி வந்தேன். மத்தியானம் நான் முன்னமே சொன்ன ஒன்பது பேரும் கூடினோம். எட்டாவது கோப்பைக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை. கஜன் சாடியோடு பின்னால் நின்றான். வெயில் கடுமை. தண்ணீருக்கு ஐஸ் எடுக்க மாயெஸ்த்ரோ தானே எழும்பி அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு.

“சிஞ்ஞோரா, பிறீசர்க் கதவைப் பாத்தன். பட்டாணி முப்பத்தொரு பை வந்திருக்கு. இருபத்தேழு போயிருக்கு. நாலு மாசமா என்ரை கோப்பையிலை நான் ஒரு பட்டாணி காணேல்லை. ஆர் சாப்பிடுறது?”

ஒருவரும் தலை நிமிரவில்லை. சால்வோ மட்டும் சாப்பாட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்: “மனிசி வீட்டை கொண்டு போகுது போலை, மாயெஸ்த்ரோ. அவையளுக்குப் பட்டாணி எண்டால் உயிர்.”

கஜனுடைய காதுக்காக வாய் திறந்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. முப்பது வருடத்தில் ஒரு வீட்டில்கூட என்னைக் கள்ளி என்று சொன்னதில்லை. கொப்பியை எடுத்தேன். என்னுடைய உடைந்த இத்தாலிய மொழியில், முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். “வெள்ளி. கஜன். கீழ் உதடு. உப்புப் பார்த்ததுக்கு. செவ்வாய். தோத்தோ. வலக் கண். கதவு எண்டு சொன்னவர்.” இருபத்தேழும் வாசித்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒருவரும் சாப்பிடவில்லை. பிறகு கூட்டிச் சொன்னேன்: கஜன் பதினாலு, தோத்தோ ஆறு, கத்தானியாக்காரர் இருவருக்கும் மூன்று, துனீசியாக்காரருக்கு மூன்று, மொரீசியஸ்காரருக்கு ஒன்று. “கடைசி, நேற்று. கஜன். இடக் காது. இன்னொரு அடி பட்டால் கேக்காது எண்டு டொக்டர் சொன்னவர். நாளைக்குத் திங்கள்.”

மாயெஸ்த்ரோவின் சிரிப்பு எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை, கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “சால்வோவுக்கு எத்தினை?” என்று கேட்டார். பூச்சியம் என்றேன். தோத்தோ தன் கோப்பைக்குள் பார்த்தபடி முணுமுணுத்தான்:

“கதவுகளுக்கு அவரிலை மரியாதை.”

எழுதப்படாத பக்கம்

சால்வோ எழும்பினான். அவன் எழும்பினால் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையும் சேர்ந்து எழும்பும். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் மாயெஸ்த்ரோவைத்தான் பார்த்தான். “எனக்கும் அடிச்சவைதான். நீங்கள்தான் அடிச்சனீங்கள், மாயெஸ்த்ரோ. மூங்கில் தடியாலை, மூண்டு வருசம். நான் அழேல்லை. அப்ப இஞ்சை ஒருத்தரும் எனக்குக் கொப்பி வைச்சிருக்கேல்லை.”

மாயெஸ்த்ரோ தன் இரண்டு விரலையும் பார்த்தார். இந்த முறை சான்றிதழைப் பார்ப்பதுபோல இல்லை. “ஓம்” என்றார். “நான்தான். நான் வாங்கினதை உனக்குத் தந்தன். நீ வாங்கினதை இவனுக்குக் குடுக்கிறாய். இனி வளையத்துக்கு வெளியிலை ஆர் கை ஓங்கினாலும் அவருக்கு இந்த மேசையிலை கோப்பை இல்லை. அது எனக்கும்தான். இருக்கிறதெண்டால் இரு, சால்வோ. நாளையிலிருந்து தண்ணிச் சாடியை முறை வைச்சுத் தூக்குவம். நான் தொடங்கிறன்.” சால்வோ வாங்கில் ஒரு கையை ஊன்றினான். இருந்துவிடுவான் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு, மூன்று கதவில் ஒன்றைத் திறந்து போய்விட்டான். அறைந்து சாத்தவில்லை. அவனுடைய கோப்பையில் பன்னிரண்டு உருண்டையில் பத்து அப்படியே இருந்தது.

அடுத்ததாக என்னைப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து மேலங்கி முடிச்சைத் தடவிக்கொண்டு நின்றேன். மாயெஸ்த்ரோ என்னிடம் வந்து கையிலிருந்த அகப்பையை வாங்கினார். மடங்காத விரலோடு சட்டியிலிருந்து கோப்பை நிறைய அள்ளினார். பின்னால் நின்ற கஜனின் கையிலிருந்து சாடியை எடுத்து வைத்துவிட்டு, கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்றார்.

“இதிலை இரு. முதல் நீ உப்புப் பாத்துச் சொல்லு.”

கடற்கரைக் கதிரை

அது நடந்து இரண்டு கோடை போய்விட்டது. ஆடி முடியுமுன் கஜனின் காது மூடியது. நான் எந்தப் பக்கம் கரண்டியைப் போட்டாலும், “காணும் அன்ரி, கேக்குது” என்று சலித்துக்கொள்கிறான். போன வருடம் மொண்டெல்லோப் போட்டியில் மூன்றாவதாக வந்தான். தாய் முன் வரிசையில் இருந்து பார்த்தா. வெள்ளிக்கிழமை உப்புப் பார்ப்பது இப்போது அவனுடைய வேலை. சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. மருந்துப் பெட்டியின் திறப்பு அடுப்படி ஆணியில் தொங்குகிறது. வளையத்தில் பட்ட காயத்துக்கு மருந்துப் பெட்டி, கதவு அடித்த காயத்துக்குப் பட்டாணி என்று தோத்தோ ஒரு சட்டம் போட்டிருக்கிறான். மாயெஸ்த்ரோ எனக்குப் புதிய கொப்பி ஒன்று வாங்கித் தந்தார். என் வேலையும் போகவில்லை, பெர்மெசோவும் போகவில்லை. இதற்கெல்லாம் யாருக்கு எவ்வளவு நன்றி என்று பிரித்து எழுத என்னாலும் முடியவில்லை.

போன கோடையில் மாதக் கடைசி ஞாயிறு, மொண்டெல்லோவில் சால்வோவைக் கண்டேன். கடற்கரையில் கதிரையும் குடையும் வாடகைக்கு விடுகிற இடத்தில் வேலை. ஒரு கையில் ஆறு கதிரை தூக்கிக்கொண்டு வந்தான். நான் கண்டும் காணாதமாதிரி மணலைப் பார்த்து நடந்தேன். அவன் விடவில்லை. முன்னால் வந்து ஒரு கதிரையை விரித்து, வெயில் படாமல் குடையையும் சாய்த்து வைத்தான். அங்கே உள்ள இளம் வேலைக்காரரைக் காட்டி, “நாலு பேர் இருக்கினம். ஒருத்தரிலும் நான் கை வைக்கேல்லை” என்றான். பிறகு என் மேலங்கிப் பை இருக்கிற இடத்தைப் பார்த்தான்.

“இதையும் கொப்பியிலை எழுதுங்கோ, சிஞ்ஞோரா.”

சாமான் வீணாகப் போனதற்கு எந்தச் சமையற்காரியும் நன்றி சொல்வதில்லை. ஆனாலும் நேற்றுப் பிறீசரைத் துப்புரவாக்கும்போது, அந்த ஞாயிறு மிஞ்சின பட்டாணிப் பைகள் திகதி முடிந்த பிறகும் ஒருவருக்கும் தேவைப்படாமல் அப்படியே கிடப்பதைக் கண்டு, மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே எண்ணினேன்: மிச்சம் நாலு.